நக்ட்ஹௌஸ்: ஒரு டச்சுக் கப்பற்சொல்லின் வேரைத் தோண்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கப்பலில் சுக்கான் பிடிப்பவருக்கு எதிரே திசைகாட்டி வைத்திருக்கும் கூண்டை டச்சுக்காரர்கள் நக்ட்ஹௌஸ் என்பார்கள். நக்ட் என்றால் இரவு, ஹௌஸ் என்றால் வீடு. இரவு வீடு. அகராதியில் இரண்டு சொல்லையும் பார்த்தாயிற்று, வேலை முடிந்தது என்று தோன்றும். பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மாலுமிகள் படுக்கும் தூளிக்கு டச்சில் ஹங்மட் என்று பெயர். ஹங் என்பது தொங்குதல், மட் என்பது பாய். அச்சு அசல் டச்சுச் சொல்போலவே இருக்கிறது. ஆனால் அது கரீபியன் தீவுகளின் தைனோ மக்களுடைய சொல். ஸ்பானியர் வாயில் ஹமாக்கா என்று வழங்கி, டச்சு மாலுமிகளிடம் வந்ததும் அவர்களுக்குப் புரிகிற இரண்டு சொற்களின் வேஷத்தைப் போட்டுக்கொண்டது. நங்கூர வடத்தைச் சுற்றி இழுக்கும் செங்குத்து உருளையான காப்ஸ்டாண்டரும் அப்படித்தான். காப் (கடல்முனை), ஸ்டாண்டர் (நிற்பது) என்று அழகாகப் பிரியும். மூலமோ பிரெஞ்சு கபெஸ்தான்.

ஆகவே பளிச்சென்று பிரிகிற கூட்டுச்சொல்லைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். நக்ட்ஹௌஸையே எடுத்துக்கொண்டு அந்தச் சோதனையைப் படிப்படியாகச் செய்வோம். முடிவு ஒரு வரியில் அடங்கிவிடும். அதற்கு எப்படிப் போய்ச் சேருகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

படி 1: எழுத்தையும் ஒலியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

இன்றைய எழுத்துக்கூட்டு: என், ஏ, சி, எச், டி, எச், யூ, ஐ, எஸ். நடுவிலுள்ள சி-எச் இணைக்கு நம் ‘ஃக’ போன்ற உரசொலி. யூ-ஐ இணையின் ஒலி தமிழில் இல்லை; ‘ஔ’வும் ‘ஐ’யும் கலந்ததுபோல் கேட்கும். இங்கே ‘ஔ’ என்று எழுதுவது வசதிக்காகத்தான். அழுத்தம் முதல் அசையில் விழும்.

ஒலிபெயர்ப்பை மட்டும் நம்பித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எழுத்துக்கூட்டை மட்டும் நம்பினால், பிற மொழிகளுக்குப் போன வடிவங்கள் அடையாளம் தெரியாமல் கண்ணில் படாமலே போகும். இரண்டும் வேண்டும்.

படி 2: சொல்லைப் பிரியுங்கள், ஒரே விதமாக அல்ல

டச்சுக் கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்தான் தலை. சொல்லின் பாலும் பன்மையும் அதிலிருந்தே வரும். ஹௌஸ் ‘ஹெட்’ என்ற சுட்டை ஏற்கும் பெயர், ஆகவே நக்ட்ஹௌஸும் ‘ஹெட்’. ஹௌஸின் பன்மை ஹௌஸன், எனவே பல கூண்டுகள் என்றால் நக்ட்ஹௌஸன். இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் பிரித்த இடம் தப்பு, அல்லது சொல்லே வேஷம் போட்டது என்று சந்தேகப்படலாம். பொருந்திவிட்டால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். ஹங்மட்டும் மட் என்பதன் இலக்கணத்தை அப்படியே கடைப்பிடிக்கிறது.

அடுத்து, இரு சொற்களுக்கும் நடுவே இணைப்பொலி இருக்கிறதா என்று பாருங்கள். டச்சில் மூன்று வழக்கம் உண்டு: ஒன்றும் வராமல் இருப்பது (கொம்பாஸ்ரோஸ், திசைகாட்டியின் முகத்தட்டு), ‘ஸ்’ வருவது (ஸ்கேப்ஸ்கொம்பாஸ், கப்பல் திசைகாட்டி), ‘அன்’ வருவது (ஹொண்டன்வக்ட், நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான காவல் முறை, நேர்ப்பொருள் நாய்க்காவல்). நக்ட்ஹௌஸில் இணைப்பொலி இல்லை. நக்ட்வக்ட் (இரவுக் காவல்) முதலான பல ‘இரவு’க் கூட்டுகளும் இதே அமைப்புத்தான். இதுவும் பொருந்துகிறது.

பிரிக்கும் இடத்தில் ஏமாறுவது டச்சுக்காரர்களுக்கே நேர்வதுதான். வெடிகுண்டு மிரட்டலைக் குறிக்கும் பொம்மெல்டிங் (பொம், மெல்டிங்) என்ற சொல்லை பொம்மெல், டிங் என்று பிரித்துச் சிரிப்பது அங்கே பழைய வேடிக்கை. நம் சொல்லில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் டி-எச் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஆங்கிலப் பழக்கத்தில் அதை ஒரே ஒலியாகப் படித்துவிடாதீர்கள். டி முதல் சொல்லுக்குச் சொந்தம், எச் இரண்டாவதற்கு.

படி 3: பொருளைப் போய்ப் பாருங்கள்

சொல்லாராய்ச்சியில் பலர் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். கூட்டுச்சொல்லில் இரு பாதிகளும் எந்த உறவில் சேர்ந்தன என்பதை இலக்கணம் சொல்லாது. டீப்லோட் என்றால் ஆழ ஈயம், அதாவது ஆழம் பார்க்க இறக்கும் ஈயக்குண்டு; உறவு பயன்பாடு. க்ராயன்னெஸ்ட் என்றால் காக்கைக் கூடு, பாய்மரத்தின் உச்சியில் கண்காணிப்பவர் நிற்கும் மேடை, உறவு தோற்றம். நக்ட்ஸ்பீகல் என்றால் இரவுக் கண்ணாடி. அது உண்மையில் கட்டிலுக்கடியில் வைக்கும் மூத்திரச் சட்டி. அகராதியை மட்டும் வைத்து இதை ஊகித்திருக்க முடியுமா?

எனவே 17ஆம் நூற்றாண்டுக் கூண்டை அக்கு அக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது மரத்தாலான சிறு அலமாரி. வழக்கமான அமைப்பில் மூன்று அறைகள்: இரு ஓரத்திலும் திசைகாட்டி, நடுவில் விளக்கு. அறைகளுக்கு இடையே கண்ணாடி இருப்பதால் வெளிச்சம் இருபுறமும் விழும். காற்று சுடரை அணைக்காது. எண்ணெய்ப் புகையும் முகத்தட்டில் படியாது. இரும்பு ஆணி ஊசியைத் திருப்பிவிடும் என்பதால் மரமுளைகளைக் கொண்டே அலமாரியை இணைத்தார்கள். நேரம் பார்க்கும் மணற்கடிகையையும் இதிலேயே வைப்பதுண்டு.

எங்கே வைத்தார்கள் என்பதும் முக்கியம். சுக்கான் சக்கரம் வந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் பெரிய கப்பல்களில் கோல்டர்ஸ்டொக் என்ற நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, மேல்தளத்துக்குக் கீழே நின்று ஓட்டினார்கள். அங்கிருந்து வெளியே பார்ப்பது அரிது. மேலிருந்து வரும் கட்டளையும் எதிரே உள்ள திசைகாட்டியும்தான் துணை. பகலிலேயே மங்கலான இடம். இருட்டிவிட்டால் விளக்கில்லாமல் முகத்தட்டே தெரியாது.

இதை வைத்துப் பார்த்தால் உறவு புலப்படுகிறது. திசைகாட்டியைப் பகலில் வெறுமனே பார்த்துவிடலாம். விளக்கோடு சேர்ந்த கூடு தேவைப்படுவது இரவில். ‘இரவில் பயன்படும் கூடு’ என்ற கால உறவுதான் இது. ‘ஹௌஸ்’ இங்கே குடியிருக்கும் வீடும் அல்ல, உறை. நத்தை ஓட்டை டச்சில் ஸ்லக்கன்ஹௌஸ் என்பார்கள். ஆப்பிளின் விதைக்கூடு க்ளோக்ஹௌஸ். இப்படி உறை என்ற பொருளில் வரும் ஹௌஸ் கூட்டுகள் நான்கைந்தைத் திரட்டினாலே பாதி சந்தேகம் தீரும்.

இன்றைய கூண்டைப் பார்த்து முடிவு கட்டினால் கதை தப்பிவிடும். இரும்புக் கப்பல்கள் வந்தபின் கப்பலே ஊசியைத் திருப்பத் தொடங்கியது. அதைச் சரிக்கட்டக் கூண்டின் இருபுறமும் தேனிரும்பு உருண்டைகள், உள்ளே காந்தக் கம்பிகள், முன்னால் ஃப்லிண்டர்ஸ் கம்பி என்று சேர்த்தார்கள். வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, 1876இல் காப்புரிமை பெற்ற வடிவம் இந்த வகையில் பெயர்பெற்றது. கூண்டு தூண்போல் ஆனது, இரவுபகல் எப்போதும் பயனில் இருந்தது. பழைய பெயர் மட்டும் மாறவில்லை. நேர்ப்பொருளும் பயன்பாடும் பொருந்தாமல் நிற்கும் சொல்லைக் கண்டால், பொருள்தான் மாறியிருக்கும் என்று முதலில் எண்ணுங்கள்.

படி 4: அகராதிகளைச் சரியான வரிசையில் திறங்கள்

முதலில் வோர்டன்பூக் டெர் நேடர்லண்ட்ஸ தால். 1864இல் வெளிவரத் தொடங்கி 1998இல் முடிந்த பேரகராதி. 1500 முதல் 1976 வரையிலான டச்சு இதில் வருகிறது. லெய்டனில் உள்ள டச்சு மொழி நிறுவனத்தின் இணைய வாசலில் இலவசமாகப் பார்க்கலாம். அதே வாசலில் இடைக்கால டச்சுக்கும் அதற்கு முந்தைய பழைய டச்சுக்கும் தனித்தனி அகராதிகள் உண்டு.

இந்த அகராதியில் தேடுகிறவர் அறிய வேண்டிய சூட்சுமம் ஒன்று: கூட்டுச்சொற்களில் பல தனித் தலைச்சொல்லாக இருக்காது. முதல் பாதியின் பதிவில், மிகக் கடைசியில், கூட்டுச்சொற்கள் என்ற பத்தியில் நெருக்கிப் போட்டிருப்பார்கள். இரண்டாம் பாதியின் பதிவிலும் இப்படியே. எனவே நக்ட்ஹௌஸ், நக்ட், ஹௌஸ் ஆகிய மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும். ‘அகராதியில் இல்லை’ என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேர் பார்த்தது ஒரே இடத்தை.

இன்னொன்று: தலைச்சொற்களில் 19ஆம் நூற்றாண்டு எழுத்துமுறைதான். மீன், மனிதன் என்பதற்கான சொற்களின் கடைசியில் இன்று எழுதாத சி-எச் அங்கே இருக்கும். இன்றைய எழுத்துமுறையில் தேடும் பெட்டி தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது எட்டிமோலோகிபாங்க். நிக்கோலின் வான் டெர் சைஸ் தொகுத்து 2010இல் வந்த தளம். பல சொற்பிறப்பு அகராதிகளின் பதிவுகளை ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும். இங்கே முரண்பாடுகளைத்தான் தேட வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பழைய கப்பல் நூல்கள். நிக்கோலாஸ் விட்சன் 1671இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட கப்பல் கட்டும் கலை நூலின் பின்பகுதியில் கப்பற்சொற்களுக்கு விளக்கம் இருக்கிறது. விகார்டஸ் ஆ வின்ஸ்கோட்டனின் ‘சேமன்’ 1681இல் லெய்டனில் வந்த மாலுமிச் சொல்லகராதி. ஹாம்பர்க்கில் 1793 முதல் 1798 வரை வெளிவந்த ரோடிங்கின் அகராதி ஒரே சொல்லுக்குப் பல ஐரோப்பிய மொழிகளின் இணைகளைத் தருவதால் படி 6க்குப் பெரிதும் உதவும். வின்ஸ்கோட்டனைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: அன்றைய புலவர்கள் சொற்களுக்குச் சுவையான விளக்கம் சொல்வதில் ஆசை உள்ளவர்கள். சொல் அன்று என்ன பொருளில் வழங்கியது என்பதற்கு அவரை நம்பலாம். சொல் எப்படிப் பிறந்தது என்பதற்கு நம்ப வேண்டாம்.

படி 5: எழுத்து வேறுபாடுகளோடு தேடுங்கள்

1804க்கு முன் டச்சில் அரசு ஏற்ற எழுத்துமுறை கிடையாது. முதல் பாதியில் சி-எச் இருக்கும் இடத்தில் ஜி மட்டும் வரலாம், ஜி-எச் வரலாம். இரண்டாம் பாதியில் யூ-ஐ இருக்கும் இடத்தில் யூ-ஒய் அல்லது யூ-யூ. இரண்டையும் ஒட்டி எழுதியிருக்கலாம், இடையில் சிறுகோடோ இடைவெளியோ விட்டிருக்கலாம். மூன்றை மூன்றால் பெருக்கி மீண்டும் மூன்றால் பெருக்கினால் 27 வடிவங்கள். மாலுமிகள் இதைச் சிறுமை விகுதியோடு ‘நக்ட்ஹௌஸ்யே’ என்றும் சொல்வார்கள். அந்த விகுதிக்கும் பழைய எழுத்தில் பல உருவங்கள். கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் விகுதிகள் தாமே சிக்கும். இடைவெளி விட்ட வடிவங்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் தனியாகத் தேடுங்கள்.

தேடும் இடங்கள்: பழைய நாளிதழ்கள், நூல்களுக்கு டெல்ஃபர், இலக்கிய நூல்களுக்கு டி.பி.என்.எல். கைப்பிரதிகள் வேண்டுமென்றால் ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்கள். அவற்றில் சுமார் 50 லட்சம் பக்கங்களை குளோபலைஸ் திட்டம் கணினியால் படித்துத் தேடும்படி ஆக்கியிருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போன கடிதங்களும் இவற்றில் அடக்கம். கப்பற்சாமான் பட்டியல் கிடைத்தால் அதைப் போன்ற சான்று வேறில்லை. சொல்லும் பொருளும் ஒரே வரியில் இருக்கும்.

இங்கே நேரும் தவறுகள் இவை:

பழைய அச்சில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ நீண்ட வடிவில் இருக்கும். கணினி அதை ‘எஃப்’ என்று படிக்கும். ஆகவே ‘எஸ்’ நடுவில் வரும் பன்மை, சிறுமை வடிவங்களை எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். கோதிக் அச்சில் சி-எச் ஒட்டிய எழுத்தாக வருவதால் அதுவும் சிதையும்.

நாளிதழில் கிடைத்த சொல் நம் கூண்டாக இருக்க வேண்டியதில்லை. இரவில் திறந்திருக்கும் விடுதியையும் அப்படிக் குறித்திருக்கலாம். அருகில் கொம்பாஸ், ஸ்டூர்மன் (கப்பலோட்டி), ரூர் (சுக்கான்) இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கில் சேருங்கள்.

தளம் காட்டும் ஆண்டு மறுபதிப்பின் ஆண்டாக இருக்கலாம். தலைப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். விட்சனுக்கே 1671, 1690 என்று இரு பதிப்புகள் உண்டு.

படி 6: அண்டை மொழிகளிடம் விசாரியுங்கள்

இந்தப் படிதான் வழக்கைத் தீர்க்கும். கூண்டின் பெயரை ஐரோப்பா முழுக்க வரிசையாக எழுதிப் பாருங்கள். பழைய ஜெர்மனில் நாக்ட்ஹௌஸ், டேனிஷில் நாட்ஹூஸ், சுவீடிஷில் நக்தெர்ஹூஸ், ரஷ்யனில் நக்தோஉஸ். தெற்கே பிரெஞ்சு அபிதாக்கிள், போர்த்துகீசியம் பிதாக்குலா, ஸ்பானியம் பிதாகொரா. ஆங்கிலத்தில் பின்னகிள்.

இரண்டு குடும்பங்கள் தெளிவாகப் பிரிகின்றன. தெற்குக் குடும்பம் லத்தீன் ஹபிதாகுலும், அதாவது உறைவிடம், என்பதிலிருந்து வந்தது. வடக்குக் குடும்பம் ‘இரவு வீடு’. ஆங்கிலம் வடக்கில் இருந்தாலும் தெற்கோடு சேர்கிறது. அதன் பழைய வடிவம் பிட்டக்கிள். பின்னகிள் ஆனது 18ஆம் நூற்றாண்டில். டச்சில் ‘பின்னன்’ என்றால் உள்ளே என்ற பொருள் இருப்பதால், ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததாகச் சொல்பவரைச் சந்திக்கலாம். பழைய வடிவத்தில் ‘ன்’ இல்லவே இல்லை என்பதால் அந்த வாதம் நிற்காது. இடையில் ஒரு கொசுறு: ஸ்பானியக் கப்பல்களில் பயணக் குறிப்பேட்டை இந்தக் கூண்டில் வைத்ததால் அதற்கு ‘பிதாகொரா ஏடு’ என்று பெயர் வந்தது. இன்று ஸ்பானியத்தில் பிதாகொரா என்றால் வலைப்பூவும்கூட.

தெற்கிலும் வீடு, வடக்கிலும் வீடு. ஆகவே டச்சுக்காரர்கள் லத்தீன் சொல்லை மொழிபெயர்த்தார்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். உறைக்கு வீடு என்று பெயரிடுவது டச்சில் வேறு சொற்களிலும் உண்டு என்று படி 3இல் பார்த்தோம். பொருள் ஒத்திருப்பது ஒன்றிலிருந்து மற்றது வந்ததற்குச் சான்றாகாது. ‘இரவு’ தெற்கில் எங்கும் இல்லை.

வடக்கின் உள்ளே யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதை ஒலியை வைத்துச் சொல்லலாம். சுவீடிஷில் இரவுக்கு நட் என்றுதான் பெயர், ‘க்’ கிடையாது. ஆகவே நக்தெர்ஹூஸின் ‘க்’ வெளியிலிருந்து வந்தது. டச்சு அல்லது கீழ்ஜெர்மன் (வட ஜெர்மனியின் வழக்கு) ‘ஃக’தான் அங்கே இறுகியிருக்கிறது. டேனிஷ் நாட்ஹூஸில் இரு பாதியும் டேனிஷ் உடையிலேயே இருப்பதால், அதை வைத்து மட்டும் கடன்சொல் என்று காட்ட முடியாது. ரஷ்யன் இதைவிடத் தெளிவு: அங்கே இரவு நோச், வீடு தோம். நக்தோஉஸ் எந்த வகையிலும் ரஷ்யனாகப் பிரியாது. வந்த வழியும் தெரிந்ததே. ஜார் பீட்டர் 1697இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்பட்டறையில் வேலை கற்றார். அவரை வரவேற்றவர்களில் நாம் படி 4இல் பார்த்த விட்சனும் ஒருவர். அந்தக் காலத்தில் டச்சுக் கப்பற்சொற்கள் கும்பலாக ரஷ்யனுக்குள் நுழைந்தன.

கடன் வாங்கிய மொழியில் பிரிக்க முடியாமலும், கொடுத்த மொழியில் சுத்தமாகப் பிரிந்தும் ஒரு சொல் இருந்தால், அது கொடுத்த மொழியில் பிறந்த கூட்டு என்பதற்கு வலுவான சாட்சி. ஹங்மட் தோற்பது இங்கேதான். டச்சுக்கு முந்தைய ஸ்பானியப் பதிவு குறுக்கே நிற்கிறது.

உயிரொலியை மட்டும் வைத்துக் காலம் கணிப்பதில் கவனம் தேவை. ஹௌஸ் ஒரு காலத்தில் ‘ஹூஸ்’போல் நெடில் உயிரோடு ஒலித்தது, ஹாலந்துப் பகுதியில் அது பின்னர் ஈருயிராக மாறியது. ஆனால் செய்லாந்து வட்டாரத்தில் இன்றும் பழைய ஒலிதான். நம் கழிப்பறைக்கான கக்கூஸும் இந்த ஹௌஸைக் கடைசியில் கொண்ட சொல்தான்; டச்சில் கக்ஹௌஸ், இந்தோனேசியாவில் கக்குஸ். அதில் ஊகாரம் இருக்கிறதே என்று அதன் காலத்தைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. சொன்னவர் செய்லாந்துக்காரராக இருக்கலாம்; கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று அங்கே மிடல்பர்க்கில்தான் இருந்தது.

படி 7: பாதிகளின் வேருக்குப் போவது

இதைக் கடைசியில் வைக்கக் காரணம் உண்டு. நக்ட் மிகப் பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல்: லத்தீன் நோக்ஸ், கிரேக்கம் நிக்ஸ், சமஸ்கிருதம் நக்தம் எல்லாம் ஒரே வேர். ரஷ்ய நோச்சும் அதே வேர்தான். அந்த மொழி ஒரே வேரை இருமுறை பெற்றிருக்கிறது. ஹௌஸ் ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதற்கு மேல் அதன் மூலத்தில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

இத்தனை பழமையும் கூட்டுச்சொல்லுக்குச் சேராது. பாதிகள் ஆயிரக்கணக்கான ஆண்டு பழையவை. கூட்டு, கப்பல்கள் இரவிலும் விடாமல் ஓடும் காலத்துப் பிள்ளை. இரண்டையும் குழப்பி ‘இந்தச் சொல் சமஸ்கிருதத்தோடு உறவுடையது’ என்று எழுதினால் பாதி உண்மை முழுப் பொய்யாகிவிடும்.

படி 8: பதிவை எழுதுங்கள்

உறுதியானதை முதலிலும், ஊகத்தைக் கடைசியிலும் வைத்து எழுதினால் படிப்பவர் ஏமாற மாட்டார். மாதிரிக்கு:

“நக்ட்ஹௌஸ் (ஹெட், பன்மை நக்ட்ஹௌஸன்). திசைகாட்டியையும் அதற்கான விளக்கையும் வைக்கும் கூண்டு. நக்ட் ‘இரவு’, ஹௌஸ் ‘வீடு, உறை’, இணைப்பொலி இல்லை. கால உறவுக் கூட்டு: இரவில் திசைகாட்டியைப் படிக்க உதவும் உறை. இரும்புக் கப்பல் காலத்தில் காந்தச் சரிக்கட்டுகள் கொண்ட தூணுக்கும் பெயர் தொடர்ந்தது. ரஷ்ய நக்தோஉஸ் டச்சிலிருந்து. ஒப்பிடுக: சுவீடிஷ் நக்தெர்ஹூஸ். ஆங்கில பின்னகிள், பிரெஞ்சு அபிதாக்கிள் வேறு மூலம் (லத்தீன்).”

கிடைத்த மிகப் பழைய சான்றைச் சேர்க்கும்போது ‘முதன்முதலில் தோன்றியது’ என்று எழுதாமல் ‘இதுவரை கண்ட முதல் பதிவு’ என்று எழுதுங்கள். கப்பற்சொல் ஏட்டில் ஏறும் முன்பே பல காலம் வாயில் புழங்கியிருக்கும்.

அடுத்து முயல ஏற்றது டீப்லோட். ரஷ்யனில் திப்லோத் என்றே கிடைக்கும். ஆழம் பார்க்கும் குண்டின் அடியில் விலங்குக் கொழுப்பு தடவி, கடலடி மண் ஒட்டிவருகிறதா என்று பார்ப்பார்கள் என்பதிலிருந்து படி 3ஐத் தொடங்கலாம். அது கைவந்தபின் காப்ஸ்டாண்டரை எடுங்கள். படி 2இல் தேறி, படி 6இல் மாட்டிக்கொள்ளும் சொல் அது.